வல்லினத்தைத் தேடிப் போன எஸ்தர்

எஸ்தர் இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னவள் பம்மலில் இருக்கும் செல்வி. தாம்பரம் ரயில் நிலையத்தின் நடைமேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தேன். கடற்கரையிலிருந்து வந்த வண்டி அப்போதுதான் நின்றிருந்தது; எதிரே கூட்டம் இறங்கி வந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் செல்வி கூப்பிடுகிற வழக்கம் இல்லை.

"மேடம், எங்க கீறீங்க?"

"ஸ்டேஷன்ல. என்ன செல்வி?"

"எஸ்தர் மேடம் வூட்டுக்கு வந்துடுங்க மேடம். நான் இங்கதான் கீறேன்."

"ஏன், அவங்களுக்கு உடம்பு முடியலையா?"

"போய்ட்டாங்க மேடம்" என்றாள்.

கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினேன். இறங்கி வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

எஸ்தர் கீழ்க்கட்டளையில் தன் அக்கா ரூத்துடன் வசித்தாள். ஞாயிறு ஆராதனைக்குப் போட்டுக்கொள்ள ரவிக்கை ஒன்று தைக்கச் சொல்லியிருந்தாள். வீட்டிலேயே தையல் வேலை செய்யும் செல்வி அதை முடித்து எடுத்துக்கொண்டு போனபோது, எஸ்தர் கூடத்து நாற்காலியில் சாய்ந்தபடி இருந்திருக்கிறாள். தூங்குகிறாள் என்றே ரூத் அக்கா நினைத்திருந்தார். சிறுவயதில் வந்த காய்ச்சலில் பழுதான இதயம் அவளுடையது. ஒரு முறை அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. இன்னொன்று தேவை என்று மருத்துவர்கள் சொல்லியிருந்தார்கள். "லீவு வரட்டும்" என்று தள்ளிக்கொண்டே வந்தாள். நாங்கள் திட்டினோம், கெஞ்சினோம். லீவு வந்தது, போனது. செல்வி கொண்டுவந்த அந்த ரவிக்கையை அணிவித்துத்தான் அவளை அனுப்பிவைத்தோம்.

இரங்கல் கட்டுரையில் 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை என்று எனக்குத் தெரியும். ஆனால் எஸ்தரும் நானும் வாடி, போடி என்று பேசிக்கொண்டவர்கள். என் வயதுதான் அவளுக்கும். இப்போது திடீரென்று 'அவர்' என்று எழுதினால் யாரோ ஒருவரைப் பற்றி எழுதுவதுபோல் இருக்கிறது. அவளை அறிந்த நீங்கள் இதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் கல்லூரியில் அவள் கணினித் துறை, நான் தமிழ்த் துறையில் மொழியியல் நடத்துகிறேன். இரண்டு துறைகளுக்கும் நடுவே ஒரு பெரிய மைதானம் இருக்கிறது. அதைத் தாண்டி அவள் எங்கள் பக்கம் வந்தது ஒரு கருத்தரங்கில் பேசுவதற்காக. குழந்தைகள் மொழியைக் கற்றுக்கொள்வது எப்படி என்பதைக் கணினியில் ஒரு மாதிரியை உருவாக்கிப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம் என்றாள். எனக்கு எரிச்சல் வந்தது. கேள்வி நேரத்தில் எழுந்து, "உங்க மிஷின் ஊர்ல இருக்கற எழுத்தெல்லாம் முழுங்கிட்டுத்தான் பேசுது. எங்க அக்கா பொண்ணு ரெண்டு வயசுல, வீட்டுல நாலு பேர் பேசறத மட்டும் கேட்டுட்டுப் பேசினா. இதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டேன். என் மாணவர்கள் கை தட்டினார்கள்.

எஸ்தர் மேடையிலிருந்து பதில் சொல்லவில்லை. கூட்டம் முடிந்ததும் கேன்டீனில் எனக்கு முன்னால் ஒரு டீயை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "நீங்க கேட்டதுதான் என் கேள்வியும். அத மேடைல சொல்லியிருந்தா நான் உங்களுக்கு ஐஸ் வெக்கறேன்னு நெனச்சிருப்பாங்க" என்றாள். அவள் செய்ய விரும்பியதை அன்றுதான் முழுதாகக் கேட்டேன். ஒரு வீட்டில் ஒரு குழந்தையின் காதில் என்ன விழுகிறதோ அதை மட்டும் கணினிக்குக் கொடுப்பது. செய்தித்தாள் கிடையாது, புத்தகம் கிடையாது. அம்மாவின் கொஞ்சல், பக்கத்து வீட்டுச் சண்டை, குக்கர் விசில், டிவி எல்லாம் கலந்த சத்தம் மட்டும். ஒன்றுமே தெரியாத நிலையில் ஆரம்பிக்கும் அந்த நிரல், அடுத்து என்ன ஒலி வரும் என்று ஊகிக்கும். தப்பினால் தன்னைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளும். மறுபடி ஊகிக்கும். அது எங்கே குழந்தையைப் போல நடந்துகொள்கிறது, எங்கே நடந்துகொள்ளவில்லை என்று பார்ப்பதுதான் வேலை.

"அது குழந்தை ஆயிடாது. எனக்கும் அது தெரியும். பொம்ம விமானம் பறக்கலன்னாலும், ரெக்கை எதுக்குன்னு அதுல பாத்துத் தெரிஞ்சுக்கலாம் இல்ல?" என்றாள்.

இப்படித்தான் தொடங்கியது. அவளுக்குத் தமிழின் ஒலிகளைப் பற்றிக் கேட்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. எனக்குச் சண்டை போட ஓர் ஆள் வேண்டியிருந்தது.

அவளோடு இருப்பது எளிதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கும் நேரத்துக்கு வரமாட்டாள். நாம் முக்கியமாக ஏதோ சொல்லிக்கொண்டிருக்கும்போது, "இரு, இப்ப 'வெச்சுட்டு'ன்னு சொன்னியா 'வச்சிட்டு'ன்னு சொன்னியா?" என்று குறுக்கே விழுவாள். ஒரு முறை என் மாமியார் ஆஸ்பத்திரியில் இருந்த சமயம், நான் அழுதுகொண்டே பேசியபோதும் இப்படிக் கேட்டாள். கேட்டுவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, டாக்டரைப் பார்க்கும்வரை என் பையைச் சுமந்துகொண்டு நின்றாள். தேவாலயப் பாடகர் குழுவில் அவள் சுருதி விலகிப் பாடுவதைப் பற்றி அவளுடைய போதகரே வேடிக்கையாகச் சொல்வார்.

எங்கள் சண்டையில் நான் முதன்முதலாக வாயடைத்தது 'வருனேன்' என்ற சொல்லால். கீழ்க்கட்டளையில் அவளுடைய மாடியில் குடியிருந்தவர்களின் மகன் ஒரு நாள், "நான் நேத்து உங்க வீட்டுக்கு வருனேன்" என்றான். ஓடுனேன், பாடுனேன் என்று கேட்டுக் கேட்டு, அவனாகவே ஒரு விதியைக் கண்டுபிடித்து, வந்தேன் என்பதையும் அதற்குள் அடக்கிவிட்டான். குழந்தைகள் இப்படிச் செய்வது மொழியியல் படித்தவர்களுக்குப் புதிதல்ல. ஆனால் மறு வாரம் எஸ்தர் என்னைத் தன் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். வேறொரு வீட்டின் ஒலிப்பதிவைக் கேட்டு வளர்ந்திருந்த அவளுடைய நிரல், ஒரு சொல்லை முடிக்கச் சொன்னபோது அதே 'வருனேன்' என்று முடித்திருந்தது. அந்தப் பதிவில் யாருமே அப்படிச் சொல்லவில்லை. தேடிப் பார்த்துவிட்டாள்.

"ரெண்டும் சரியாச் சொன்னா அதுல ஒண்ணும் இல்ல புவனா. சரியானத ஆயிரம் வழில கத்துக்கலாம். ரெண்டும் ஒரே தப்பப் பண்ணுதுன்னா, ஒரே வழில போயிருக்குன்னு சந்தேகப்படலாம். தப்பு ஒத்துப்போகணும்" என்றாள்.

'தப்பு ஒத்துப்போகணும்' என்பதை அவள் பிறகு பல முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். மாணவர்களிடம், மேடைகளில், ஒரு முறை போக்குவரத்துக் காவலரிடம்கூட. ஆனால் அந்த வாக்கியத்துக்கு உயிர் வந்தது பம்மலில்தான்.

ஆய்வுக்காகச் சில வீடுகளை அவள் தேர்ந்தெடுத்திருந்தாள். பேசத் தொடங்கும் வயதில் குழந்தைகள் உள்ள வீடுகள். குழந்தையின் சட்டையில் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவி. வேண்டாதபோது வீட்டுக்காரர்களே அதை நிறுத்திக்கொள்ளலாம். பிடிக்கவில்லை என்றால் பதிவை அழிக்கச் சொல்லலாம். அப்படி வந்த வீடுகளில் ஒன்று செல்வியுடையது. கணவர் குமார் தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை செய்தார். ஒரே மகள் யாழினி. செல்வி ரவிக்கை தைத்துக்கொண்டே நாள் முழுக்கக் குழந்தையோடு இருந்தாள்.

யாழினிக்கு இரண்டரை வயது தாண்டியும் பேச்சு வரவில்லை. அம்மா, மாமா, வா, நாய், ஆனை என்று சில சொற்கள். மற்றதெல்லாம் அவளுக்கு மட்டும் புரிகிற சத்தங்கள். ஏன் என்று எல்லோருக்கும் ஒரு காரணம் தெரிந்திருந்தது. குமாரின் அக்கா ஒவ்வொரு முறை வரும்போதும் அதைச் சொன்னார்: "செல்லம் குட்து குட்து புள்ளய ஊமையாக்கிட்டா." அக்கம்பக்கத்திலும் அதையே சொன்னார்கள். ஒரு கிளினிக்கிலும், "குழந்தையோட நிறைய பேசுங்கம்மா, மொபைலைத் தராதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். செல்வி மொபைலைப் பரண்மேல் வைத்துவிட்டாள். இன்னும் அதிகமாகப் பேசினாள். ஒன்றும் மாறவில்லை.

எஸ்தருடைய ஆய்வில் எப்போதும் நடப்பது ஒன்றுதான். எந்தக் குழந்தையோடு ஒப்பிட்டாலும் அவளுடைய நிரல் தோற்றுவிடும். குழந்தை ஓடும்; இயந்திரம் பின்னால் மூச்சிரைத்துக்கொண்டு வரும். "என் பொழப்பே தோக்கறதுதான்" என்று சிரிப்பாள். யாழினியின் வீட்டுப் பதிவில் மட்டும் அது தலைகீழாக இருந்தது. செல்வியின் பேச்சைக் கேட்டே வளர்ந்த நிரல் சோறு, தட்டு, சட்டை, பூச்சி என்று சொற்களைப் பிரித்து அடையாளம் காணத் தொடங்கியிருந்தது. அதே பேச்சைக் கேட்ட யாழினி அங்கே வரவே இல்லை.

அந்த ஆய்வுத் திட்டத்துக்கு வெளியூரில் ஒரு தலைவர் இருந்தார். அவரோடு அவள் தொலைபேசியில் ஸ்பீக்கரைப் போட்டுப் பேசியபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"எஸ்தர், அந்த ஒரு வீட்டால மொத்த கிராஃபும் கெடுது. எடுத்துடுங்க. எல்லாரும் செய்யறதுதானே?"

"கிராஃப் கெடட்டும் சார். அந்தக் குழந்தை ஏன் பேசலன்னு தெரியாம எப்படி எடுக்கறது?"

"அது டாக்டர் வேலை. நம்ம வேலை இல்ல."

"அவங்களுக்கு டாக்டர்கிட்ட போகணும்னு தெரியணும்ல சார்? இப்ப அவங்க அம்மாவத்தான் எல்லாரும் திட்டிட்டிருக்காங்க."

அவர் கெட்டவர் அல்லர். அவசரத்தில் இருந்தார். "ஒரு மாசம் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த வாரம் அவள் என்னிடம் யாழினி சொல்லும் சொற்களையெல்லாம் போட்டுக்காட்டினாள். எந்த முடிவும் மனத்தில் இல்லாமல், வகுப்பறைப் பழக்கத்தில் நான் சொன்னேன்: "உயிரெழுத்து எல்லாம் சுத்தமா இருக்கு. மெல்லினமும் இருக்கு. ய, வ, ல வருது. வல்லினம்தான் கிட்டத்தட்ட இல்ல. சோறு 'ஓஉ'ன்னு வருது, தண்ணி 'அண்ணி'ன்னு வருது."

எஸ்தர் அந்தச் சொற்களை மறுபடி ஒரு முறை போட்டுக் கேட்டாள். பிறகு, "வல்லினத்த அவ விட்டுட்டுப் பேசறாளா, இல்ல அவகிட்ட அது வந்து சேரவே இல்லையா?" என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சில நாள் கழித்து மதிய இடைவேளையில் கூப்பிட்டாள். அவள் அறையில் காதில் மாட்டும் கருவியைக் கொடுத்தாள். முதலில் செல்வியின் குரல் வந்தது. தையல் மிஷின் ஓடும் சத்தத்துக்கு நடுவே, "சோறு துண்ணலாமா? தட்டு எங்க கீது? சட்டைய எட்து வா பாக்கலாம். யாழினிம்மா, எங்கம்மா, நிலாம்மா" என்று பேசிக்கொண்டே போனாள். அலுக்காத குரல்.

"இப்ப இதக் கேளு" என்று எஸ்தர் எதையோ மாற்றினாள். வல்லினத்துக்குக் கூர்மை தரும் மேல்ஸ்தாயி ஒலிகளை மட்டும் நீக்கிவிட்டிருந்தாள். அதே குரல், அதே பாசம், மூடிய கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதுபோல் வந்தது. ஏற்ற இறக்கம் இருந்தது. கேள்வி கேட்கிறாள் என்று தெரிந்தது. கொஞ்சுகிறாள் என்று தெரிந்தது. சொல் மட்டும் தெரியவில்லை. ஓஉ, உ, அ, எ என்று ஏதோ மிதந்து போனது. நடுவில் திடீரென்று துலக்கமாக 'அம்மா' என்று கேட்டது. பிறகு 'நிலா'. மறுபடி மூட்டம்.

நான் கருவியைக் கழற்றிவிட்டேன். எஸ்தரின் கண்கள் சிவந்திருந்தன.

"மூடின சத்தத்தக் குடுத்து மிஷினை மறுபடி மொதல்லேர்ந்து கத்துக்க விட்டேன். யாழினி எங்கெங்க தடுக்கி விழறாளோ, அதுவும் அங்கங்கயே விழுது. தப்பு ஒத்துப்போகுது புவனா."

"அப்ப காதுதானா?"

"இது நிரூபணம் இல்ல. வெறும் சந்தேகம். என் வேலை இந்தச் சந்தேகத்தோட முடிஞ்சிடுச்சு. இனிமே காது டாக்டர்தான் சொல்லணும்."

ஆனால் அவள் வேலை அதோடு முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்திலிருந்து நேராகப் பம்மலுக்குப் போனோம். குமார் வீட்டில் இருந்தார், அவருடைய அக்காவும் இருந்தார். எஸ்தர் விஷயத்தைச் சொன்னதும் குமாருக்குக் கோபம் வந்தது.

"இன்னா மேடம் பேசறீங்க? காது நல்லா கேக்குது. தெருமுனைல டிரம்ஸ் அடிச்சா இங்க ஆடிக்கினு நிக்கும். பட்டறைலேர்ந்து வந்து 'யாழினிம்மா'ன்னா ஓடியாரும். செவுடுன்னு மட்டும் சொல்லாதீங்க."

எஸ்தர் எதிர்த்துப் பேசவில்லை. "நீங்க சொல்றது சரி குமார். டிரம்ஸ் கேக்குது, உங்க குரலும் கேக்குது. ஒரே ஒரு சத்தத்த மட்டும் நீங்களே சோதிச்சுப் பாருங்க. அவ பின்னாடி நின்னு, 'உஸ்'ஸுன்னு சொல்லுங்க."

யாழினி முதுகைக் காட்டி உட்கார்ந்து துணி வெட்டுத் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். குமார் வாசற்படியில் நின்று "உஸ்ஸ்" என்றார். அவள் திரும்பவில்லை. உள்ளே வந்து மறுபடி சொன்னார். அடுக்கிய துண்டு ஒன்றை எடுத்து வேறு இடத்தில் வைத்தாள். அவர் இன்னும் அருகில் வந்து, குனிந்து, பலமாகச் சொன்னார். அவருடைய மூச்சு கழுத்தில் பட்டதும் யாழினி கூச்சத்தோடு தோளைக் குறுக்கிக்கொண்டு திரும்பினாள். அப்பாவைப் பார்த்ததும் சிரித்தாள்.

குமார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அப்போது எஸ்தர் செல்வியைப் பார்த்துச் சொன்னாள்:

"செல்வி, இதக் கேட்டுக்கோங்க. உங்க பேச்ச மட்டும் கேட்டு ஒரு மிஷினே தமிழ் கத்துக்க ஆரம்பிச்சிருக்கு. நீங்க கொழந்தையோட பேசலன்னு இனிமே யாராவது சொன்னா, என்கிட்ட அனுப்புங்க. நீங்க பேசினது அத்தனையும் என்கிட்ட இருக்கு."

செல்வி அழவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நெடுநேரம் உள்ளேயே நின்றாள். குமார்தான் எழுந்து போனார். "இன்னாமே, வா வெளிய" என்று அவர் தணிந்த குரலில் கூப்பிட்டதும், "இத்தினி நாளு நீயும்தானே சொன்ன?" என்று அவள் கேட்டதும் எங்களுக்குக் கேட்டன. திரும்பி வந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. அன்று அந்த வீட்டில் அக்காதான் டீ போட்டுக் கொடுத்தார்.

அரசு மருத்துவமனையில் பரிசோதித்துச் சந்தேகம் சரி என்று சொன்னார்கள். இரண்டு காதிலும் தாழ்ந்த ஒலி கேட்கிறது. உயர்ந்த ஒலி ஏறக்குறைய இல்லை. காது மிஷின் கொடுத்தார்கள். அதை மாட்டியவுடன் குழந்தை மலர்ந்து சிரித்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். யாழினி வீரிட்டு அழுதாள். பிய்த்து எறிந்தாள். ஒரு முறை தண்ணீர் டிரம்மில் போட்டுவிட்டாள். இதுவரை இல்லாத ஓர் உலகம் அவள் தலைக்குள் கத்தியது. பயிற்சிக்கு வாராவாரம் போக வேண்டும் என்றார்கள். குமாருக்குப் பட்டறையில் விடுப்புக் கிடைக்காத நாள்களில், தன் ஸ்கூட்டரில் செல்வியையும் குழந்தையையும் எஸ்தர் அழைத்துப்போனாள். அவள் ஸ்கூட்டர் ஓட்டுகிற லட்சணத்துக்கு, பல்லாவரம் மேம்பாலத்தில் செல்வி ஜெபம் செய்யக் கற்றுக்கொண்டதாகச் சொல்வாள்.

மாதங்கள் போயின. ஒரு நாள் நான் வகுப்பில் இருந்தேன். எஸ்தர் கதவுக்கு வெளியே நின்று கையை ஆட்டினாள். முகமெல்லாம் சிரிப்பு. வெளியே வந்தேன்.

"யாழினி என்னத் திட்டிட்டா புவனா!"

"என்னன்னு?"

"மிஷின மாட்டப் போனேன். கையத் தட்டிவிட்டுட்டு 'சீ, போ!'ன்னா. சுத்தமான சகரம். ஒரு பிசிறு இல்ல. 'போ'ல பகரம் வெடிச்சுது பாரு, அப்படி வெடிச்சுது!"

வகுப்பறைக் கதவருகே நின்று நாங்கள் இருவரும் சிரித்ததைப் பார்த்து என் மாணவிகளும் காரணம் தெரியாமலே சிரித்தார்கள். இதைவிடப் பெரிய விருது எதையும் எஸ்தர் வாங்கவில்லை.

இந்தக் கதை வெளியே பரவியபோது ஒரு நிறுவனத்தார் வந்தார்கள். இதைக் கைபேசிச் செயலியாக்கி, எல்லாக் குழந்தைகளின் காதையும் சோதித்துவிடலாம் என்றார்கள். எஸ்தர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஒரு கொழந்தைய வெச்சு ஊருக்கே சட்டம் போட முடியாது. இன்னும் பல வீடுகள்ல பாக்கணும். என் மிஷின் தப்பாச் சொன்னா ஒரு நல்ல கொழந்தைக்குச் செவுடுன்னு வீணா பேர் வெச்சிடுவாங்க. காது சரியா இருக்குன்னு தப்பாச் சொல்லிட்டா, நெஜமாவே கேக்காத கொழந்தைய யாரும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகமாட்டாங்க. ரெண்டாவதுதான் எனக்குப் பயம்" என்றாள். அவர்கள் மறுபடி வரவில்லை. திட்டத் தலைவருடைய கிராஃபிலிருந்து யாழினியை எஸ்தரே பிறகு எடுத்தாள். எடுத்ததற்கான காரணத்தைக் கட்டுரையில் தனியாக விளக்கி எழுதினாள். செல்வி கேட்டுக்கொண்டபடி பெயரை மாற்றினாள். இங்கே நான் எழுதியிருப்பவையும் அந்த வீட்டாரின் உண்மைப் பெயர்கள் அல்ல. அந்தத் தலைவர் இறுதிச் சடங்குக்கு வந்திருந்தார். பெட்டியின் அருகே நெடுநேரம் நின்றார்.

இன்னும் பல வீடுகளில் பார்க்க வேண்டும் என்று அவள் சொன்னது வெறும் பேச்சு அல்ல. பம்மலில், அனகாபுத்தூரில், மேடவாக்கத்தில் வீடு வீடாக ஏறி இறங்கினாள். அந்த இதயத்தோடு மாடிப்படி ஏறினாள். தெலுங்கும் தமிழும் கலந்து பேசும் வீடுகளிலும் உருது பேசும் வீடுகளிலும் பதிவுகள் சேர்ந்தன. அந்த வேலை பாதியில் நிற்கிறது. அவளுடைய ஆய்வு மாணவர்கள் தொடர்வதாகச் சொல்கிறார்கள். தொடர்வார்கள் என்று நம்புகிறேன். ஆனால் ஒரு வீட்டுக்குள் நுழைந்து, அங்கே ஏற்கெனவே குற்றவாளியாக நிறுத்தப்பட்டிருக்கும் ஒருத்தியின் பக்கத்தில் போய் உட்காருவதை யாருக்கும் நிரலில் எழுதிக்கொடுக்க முடியாது.

கணினிக்கு மொழி தெரியாது என்று நான் இப்போதும் நினைக்கிறேன். எஸ்தரும் கடைசிவரை தெரியும் என்று சொன்னதில்லை. "அதுக்குத் தெரியுமா தெரியாதான்னு நீ கேக்கற. அதுகிட்டேர்ந்து நமக்கு என்ன தெரியுதுன்னு நான் கேக்கறேன்" என்பாள். இந்த வழக்கில் என்னோடு வாதாட இனி எதிர்த்தரப்பு இல்லை. அது எனக்குப் பெரிய இழப்பு.

அவளிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது எது என்று இந்த நாள்களில் யோசித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் எங்கள் துறையில் வாய்மொழித் தேர்வு நடந்தது. கோவளம் பக்கத்து மீனவக் குடும்பத்திலிருந்து வரும் ஒரு மாணவி. கேட்டதற்கெல்லாம் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாள். உடன் இருந்த தேர்வாளர் பேனாவை மூடிவிட்டார். ஜன்னலுக்கு வெளியே பெரிய சாலையின் இரைச்சல், தலைக்கு மேலே கடகடக்கும் மின்விசிறி. நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். மின்விசிறியை நிறுத்தினேன். என் நாற்காலியை அவளுக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டு, அதே கேள்வியை மறுபடி கேட்டேன். இந்த முறையும் அவள் தப்பாகத்தான் சொன்னாள். ஆனால் எந்த இடத்தில் வழி மாறிப் போகிறாள் என்று இப்போது எனக்குக் கேட்டது. அங்கிருந்து தொடங்கினோம்.